நடுப்பக்கம்

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

அன்றைக்கு இருந்தவர்கள்: தையல்காரர், கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, உன் அப்பா, தேநீர்த் தட்டோடு கதவோரம் நான். அவ்வளவுதான். நாளைக்கு வேறு யாராவது "நானும் பார்த்தேன்" என்று உன்னிடம் சொன்னால் நம்பாதே.

போனில் சொன்னால் இவர் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முன்னறையில் செஸ் நடந்தது. நீ அனுப்பிய செஸ் புதிர்ப் புத்தகம் முந்தின நாள்தான் வந்திருந்தது, தலையணை மொத்தத்தில். எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். "நடுப்பக்கத்தைப் பிரிங்கண்ணே, பார்ப்போம்" என்றார் மருந்துக்கடைக்காரர். இவரும் பிரித்தார். படத்தில் இருந்தபடி காய்களை வைத்தார். தேநீர் ஆறும்வரை யோசித்தார். பிறகு யானையைத் தூக்கிக் குறுக்கு மூலையில் வைத்தார்.

"என்னண்ணே, யானைக்கு மதம் பிடிச்சிடுச்சா?" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், விளையாட்டுக்குச் செய்கிறார் என்று. உன் அப்பாவும் சிரித்தார். எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து கதவோரம் நின்று பார்த்தவள். யானை நேராகத்தான் போகும். அவர் சிரித்த பிறகும் அந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தார், தம்பி. எது தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரர் மனைவி வாங்கிப்போன தூக்குப் பாத்திரத்தின் மூடி இன்னும் வரவில்லை. அது வேறு கணக்கு.

கொஞ்சம் லேசான புத்தகமாக அனுப்பு.

உன் அம்மா


மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா வேண்டுமென்றே செய்திருப்பார். அவர் குறும்பு உனக்குத் தெரியாதா? தெரிந்தவர்களுக்கெல்லாம் புத்தகம் பொறுக்கிக் கொடுத்த மனிதர் அவர். "நடுப்பக்கத்தைப் பிரி. அங்க இருக்கிற புதிர்ல பாதி தெரிஞ்சா வாங்கு. எல்லாம் தெரிஞ்சா காசு தண்டம், ஒண்ணுமே தெரியலேன்னா ஆசை தண்டம்" என்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

அவருக்கு லேசான புத்தகம் கொடுத்தால் அவமானமாக நினைப்பார். இதோடு இன்னும் கடினமான ஒன்று அனுப்புகிறேன். மூளைக்கு வேலை கொடுத்தால் சரியாகிவிடும்.

பாப்பா உன்னைக் கேட்டாள்.

உன் மகன்


ஏப்ரல் 6

அன்புள்ள மகனுக்கு,

இரண்டாவது புத்தகமும் வந்தது. காலையில் பிரித்து வைக்கிறார், விளக்கு வைக்கும்போதும் அதே பக்கம்தான். கேட்டால், "அச்சுக்காரன் தப்புத் தப்பா போட்டிருக்கான்" என்கிறார். பென்சிலால் படத்தில் இருக்கும் குதிரைகளை அடித்து வேறு இடத்தில் வரைந்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான்.

நீ சொன்ன அந்தச் சோதனையை நான் அவருக்கே வைத்தேன். அவர் தூங்கும்போது அலமாரியைக் குடைந்து, அவருடைய பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். தினம் ஒன்றை நடுவில் பிரித்துக் கையில் கொடுத்தேன், கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்துப் பார்த்தேன். மேலே இருந்து கீழே வந்துகொண்டே இருக்கிறேன். இரண்டே நகர்த்தலில் ராஜாவை மடக்குகிற புத்தகம் இருக்கிறதே, நீ சின்னப் பையனாகப் படித்தது, அதிலும் பாதி வரவில்லை. கால்வாசிகூட வரவில்லை.

எந்தக் காய் எப்படி நடக்கும் என்று முதல் பக்கத்திலிருந்து சொல்லித் தருகிற புத்தகம் வேண்டும். படம் போட்டது.

அம்மா


ஏப்ரல் 27

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பதில் எழுதப் பிடிக்கவில்லை. என் விரலைப் பிடித்துக் குதிரையை நகர்த்தக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு நான் குழந்தைகள் புத்தகம் வாங்க வேண்டுமா? கடைக்குப் போனேன். கையில் எடுத்தேன். வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்னால் முடியவில்லை.

நடுத்தரமாக ஒன்று அனுப்புகிறேன். இதற்குக் கீழே என்னைக் கேட்காதே. பார்சல் கட்டும்போது பாப்பா தன்னுடைய பழைய செஸ் படப் புத்தகத்தையும் உள்ளே போட்டுவிட்டாள். "தாத்தாவுக்கு நான் குடுக்கிறேன்" என்று ஒரே பிடிவாதம். தூக்கிப் போட்டாலும் சரி.

உன் மகன்


ஜூன் 15

அன்புள்ள மகனுக்கு,

தூக்கிப் போடவில்லை. உன் மகளுக்கு ஆயிரம் முத்தம். ராஜாவுக்கு மீசை வரைந்து, குதிரைக்கெல்லாம் ஊதா வண்ணம் அடித்து வைத்திருக்கிறாள். உன் அப்பாவுக்கு அந்த ஊதாக் குதிரையை ரொம்பப் பிடித்துவிட்டது.

சாயங்காலம் ஜன்னலோரம் உட்காருகிறோம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன், அவர் காயை நகர்த்துகிறார். மந்திரி குறுக்காக, யானை நேராக, சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக. நடுப்பக்கத்தில் அவருக்குப் பாதி வந்தது, தம்பி! எனக்கும் பாதி வந்தது. அவர் மேலே இருந்து இறங்கி வந்தார், நான் கீழே இருந்து ஏறி வந்தேன், ஒரே பக்கத்தில் நிற்கிறோம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், "எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டேன். அன்றைக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், கையில் கறுப்புக் குதிரை. நிமிராமலே, "உனக்கு எதுக்கு? போய் வேலையைப் பாரு" என்றார். நாவிதருக்குச் சொல்லிக் கொடுத்தார், பால்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார், உனக்குப் பல் விழும் முன்பே சொல்லிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இல்லை. இப்போது பேத்தி புத்தகம் சொல்லிக் கொடுக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் என்னை "இந்தா" என்று கூப்பிட்டவர், இப்போது "நீங்க" என்கிறார். "நீங்க ஆடுங்க, உங்க முறை." முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள்தான் புரிந்தது, நான் யார் என்று தெரியாமல் மரியாதை கொடுக்கிறார்.

கிளம்பி வா. இப்போது வந்தால் உன்னோடு ஒரு ஆட்டம் ஆடுவார். இந்தப் புத்தகத்துக்குக் கீழே வேறு புத்தகம் கிடையாது.

அம்மா


ஜூலை 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இப்போது விடுப்பு கிடைக்காது. டிசம்பரில் கட்டாயம் வருகிறேன். அதுவரை அப்பாவை அந்தச் சின்னப் புத்தகத்திலேயே உட்கார வைக்காதே, பழகிவிடுவார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. அவருக்காகவே வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

உன் மகன்


செப்டம்பர் 10

அன்புள்ள மகனுக்கு,

கடைசிக் கட்டத்துப் புத்தகம் வந்தது. அட்டை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் அவருடைய ராணியை நான் வெட்டிவிட்டேன். அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா ஆடறீங்களே. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"நீங்கதான்."

"நானா? சேச்சே. என் வீட்டுக்காரியே ஒரு தடவை கேட்டா. அவளுக்கே சொல்லித் தரலை."

"ஏன் சொல்லித் தரலை?"

வாசலைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ ஞாபகசக்தி பொல்லாதது. ஒரு தடவை பார்த்தா சாகிற வரைக்கும் மறக்க மாட்டா. சொல்லிக் குடுத்திருந்தா ஒரே வருஷத்துல என்னைத் தோக்கடிச்சிருப்பா. அப்புறம் இந்த வீட்டுல நான் எதுல பெரியவன், சொல்லுங்க?"

சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

விடிந்ததும் ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்று கேள்விகளை அடுக்கி வைத்துக்கொண்டுதான் படுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்தது எல்லாம். காலையில் அவர் பலகையிலிருந்து குதிரையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது என்னங்க?" என்றார்.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். காய்களைத் தம்ளருக்குள் போடுகிறார், எடுக்கிறார். பேத்தி புத்தகத்தைக் காட்டினால் ஊதாக் குதிரையைத் தடவிப் பார்க்கிறார், அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் ஒருநாள் வந்தார், வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் வருவதில்லை.

நீ அனுப்பினாயே, நடுத்தரமான புத்தகம், அதை நேற்று எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்தேன். பாதி வந்தது. உன் அப்பா கணக்குப்படி அது எனக்கான புத்தகம். எதிரே உட்கார ஆள்தான் இல்லை. இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் பிடிக்கவில்லை.

டிசம்பரில் வந்தால் வா. அவருக்குப் புத்தகம் வாங்கி வராதே. பெரிய பொத்தான் வைத்த சட்டை இரண்டு வாங்கி வா, சின்னப் பொத்தானை நான் போட்டுவிடும்போது பிய்த்துவிடுகிறார்.

சிரித்த மருந்துக்கடைக்காரரை விட்டுவிட்டேன். தெரியாமல் சிரித்தார். அவர் மனைவியையும் விட்டுவிட்டேன், மூடியும் போகட்டும். நீ வரவில்லை என்பதை மறக்க மாட்டேன். ஆனால் பெற்ற பிள்ளை, மன்னித்தாயிற்று.

இப்படிக்கு,
அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று. ஒருத்தரை மட்டும் மன்னிக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, இனிமேல் கேட்க அவருக்குத் தெரியாது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், தம்ளரைக் குலுக்கிக்கொண்டு.

உன் அப்பா.