மூன்றாவது கை

மார்ச் 3, செவ்வாய்
மகன் தன் அப்பாவின் தையல் கடையைக் காலி செய்து மூட்டையைக் கொண்டுவந்து போட்டான். அவர் போய் ஒன்றரை வருஷம். முப்பத்தெட்டு வருஷம் தைத்ததில் விழுந்த வெட்டுத்துணி எல்லாம் இதில் இருக்கிறது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தூக்கிப் போட்டுடலாமா அத்தை?" என்றாள். உன் கல்யாண ஜாக்கெட் துணியும் இதில்தான் இருக்கிறது என்றேன். மூக்கிலிருந்து கை இறங்கியது. ஒட்டுப் போர்வை தைக்கப்போகிறேன்.

மார்ச் 5
துவைத்தேன். கொடி போதவில்லை. எந்தத் துண்டு யாருடையது என்று இன்னும் சொல்வேன். கத்தரிப்பூ நிறம் தபால்காரர் மனைவியுடையது. கட்டம் போட்டது, மூன்று தடவை பிரித்துத் தைக்கச் சொன்ன டீச்சரம்மாவுடையது. அவளுக்கு ஓரம்தான். கால் படுகிற ஓரம்.

மார்ச் 9
அட்டை வைத்து உள்ளங்கை அளவுச் சதுரம் வெட்டுகிறேன். அவர் கத்திரி கனக்கிறது. "என் கத்திரி தப்பாதுடி" என்பார், தெருவே கேட்கும்படி.

மார்ச் 11, புதன்
அந்தப் பச்சை கிடைத்தது. பச்சையில் வெள்ளைப் புள்ளி. மூட்டையின் அடியில், ஒரு தலையணை உறைக்குள். மற்றதெல்லாம் கசங்கிக் கிடக்க, இது மட்டும் மடித்து வைத்திருந்தது.

இருபத்தேழு வருஷம் முன்னால், ஒரு மழைநாள். அவர் தங்கை, என் நாத்தனார், இந்தத் துணியைக் கொண்டுவந்தாள். மகளுக்கு நீளக் கை வைத்த கவுன், மிச்சத்தில் தனக்கு ஜாக்கெட். கவுன்தான் கிடைத்தது. "துணி பத்தல" என்றார் இவர். அவள் விடுவாளா? கடையில் நாலு பேர் நிற்கும்போது என்னைப் பார்த்து, "என் அண்ணன் கை சுத்தம். எலி வீட்டுக்குள்ள இருக்கு" என்றாள். இவர் கழுத்தில் அளவு நாடாவோடு குனிந்தே நின்றார். அன்றோடு அவள் வீட்டுப் படி மிதிப்பதை விட்டேன். அவர் செத்த அன்று வந்தாள். அப்போதும் நான் முகம் கொடுக்கவில்லை.

இப்போது துணி என் மடியில். அப்படியானால் எலி யார்?

மார்ச் 12
தைக்கவில்லை.

மார்ச் 13
ஜன்னலோரம் விரித்துப் பார்த்தேன். கவுனுக்கு வெட்டிய கை. ஆனால் கவுனுக்கு ரெண்டு கையும் இருந்ததே, பொத்தான் வைத்தவள் நான்தானே. இது மூன்றாவது. இடது கை. துணியை முகத்தோடு முகம், அச்சுப் பக்கம் உள்ளே போக, மடிக்காமல் வெட்டினால் ரெண்டும் ஒரே பக்கத்துக் கையாக விழும். புள்ளி ஒரு பக்கம்தான் அச்சு, திருப்பியும் வைக்க முடியாது. தொழிலுக்கு வந்த முதல் மாசம் எல்லாரும் செய்கிற தப்பு. வலது கையை மறுபடி வெட்டியதில் ஜாக்கெட் துணி போயிற்று.

திருட்டு இல்லை. தப்பு வெட்டு. "ஆமா, கை தவறிடுச்சு"ன்னு சொன்னா தலையா போயிடும்? பொண்டாட்டி திருடின்னு பேர் வாங்கலாம், கத்திரி பேர் கெடக்கூடாது, அப்படித்தானே? செத்த மனுஷன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது?

மார்ச் 16
அவளிடம் காட்டினால் என் பேர் வெளுக்கும், அவர் பேர் கறுக்கும். காட்டாவிட்டால் நான் எலியாகவே போய்ச் சேரவேண்டும்.

மார்ச் 20
அந்தக் கையைச் சதுரமாக வெட்ட மனசு வரவில்லை. கையாகவே நட்ட நடுவில் வைத்துத் தைத்தேன்.

ஏப்ரல் 8
போர்வை முடிந்தது. நாத்தனாரை வரச்சொல் என்று மகனிடம் சொன்னேன். "அம்மா, உனக்கு ஜுரமா?" என்றான்.

ஏப்ரல் 12, ஞாயிறு
குச்சி ஊன்றிக்கொண்டு வந்தாள். கட்டிலில் போர்வையை விரித்து வைத்திருந்தேன்.

"இது என் துணி."

"ஆமா" என்றேன்.

கையின் வளைவை விரலால் தடவினாள். மறுபடி தடவினாள். அவள் அப்பாவும் தையல்காரர்தானே.

"ரெண்டையும் இடதா வெட்டிட்டானா?"

தலையாட்டினேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒம்பது வயசு. அப்பா கடையில வக்கீல் சட்டையை இப்படித்தான் வெட்டுனான். நான் துணிய இழுத்துட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டான். துணி அளக்குற முழக்கோலால அடி எனக்கு." குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இவன் திருந்தவே இல்ல அண்ணி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். டீ கொண்டுவந்த மருமகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

நாத்தனார் மன்னிப்புக் கேட்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

போகும்போது போர்வையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "ஒரு வாரம் போத்திக்கிட்டுத் தர்றேன்."

ஏப்ரல் 20
எட்டு நாள் ஆச்சு. போர்வை வரவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்
நானே போய் வாங்கி வரவேண்டியதுதான். பத்தரைக்குப் பஸ். அவள் வாசலில் மூன்று படி, நடுப் படி உடைந்திருக்கும். இன்னும் சரி பண்ணியிருக்கமாட்டாள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மருமகள் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றேன்.