விழுகிறவளைப் பிடிக்கிறவள்

மெம்பிஸ்,
14 மார்ச் 1972, செவ்வாய்.

லாஸ் வேகஸ் நகரில் ஓர் இரவுக்கு இரண்டு ஆட்டம் விழுந்து எழும் மகாராணி, சோல் இசையின் சக்கரவர்த்தினி, மிஸ் வெர்னெல் அவர்களின் சமூகத்துக்கு, அவளுடைய ஒரே தாய்மாமனும், ஸ்டவால் சவ அடக்க நிலையத்தின் தலைமைச் சாரதியும், இதுவரை ஏற்றிச் சென்ற ஒருவர்கூடத் தன் மேல் புகார் சொல்லாதவனுமாகிய லெமுவேல் எழுதிக்கொள்வது.

நலம் விசாரிக்க மாட்டேன். கோபத்தில் இருக்கிறேன். பேனாவைத் தொட்டதும் மை கொதிக்கிறது. யாரும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று சவ வண்டியின் ஸ்டீரிங் மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். நீ நம்ப வேண்டியதில்லை. கடைசி வரை படித்தால் போதும்.

போன் செய்யாமல் இல்லை. ஞாயிறு சாயங்காலமும் செய்தேன், நேற்றும் செய்தேன். இரண்டு தடவையும் உன் மேனேஜர் ஹாலிஸ்தான் எடுத்தான். தலைக்கு எண்ணெய் தடவுவதுபோலப் பேசுகிறானே, அவன்தான். நான் சொன்னது ஒரே வாக்கியம்: அம்மாவைப் பார்க்க அவள் உடனே புறப்பட்டு வர வேண்டும். அதற்கு அவன், "மாமாவா? மிசிசிப்பி ஆறு மாடிப்படி ஏறி வந்து காபி கேட்டுச்சுன்னு தந்தி அடிச்சீங்களே, அந்த மாமாதானே? இப்ப என்ன, ஆறு தீப்பிடிச்சிருச்சா?" என்றான். மேடம் சிரிக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். என் பொய்களுக்கு இந்த ஊரில் உள்ள மதிப்பு என் உண்மைக்கு அந்த ஊரில் இல்லை. ஆகவே கடிதம்.

மகாராணிக்குத் தன் சரித்திரம் மறந்திருக்கும். நினைவூட்டுகிறேன். ஆறு வயதில் நம் தேவாலயச் சபையில் உன்னை சோடாப் பெட்டி மேல் ஏற்றி நிறுத்தினோம். நீ முதல் வரியைப் பாடியதும் மிசிசிப்பி ஆறு நின்றது, யோசித்தது, திரும்பி செயின்ட் லூயிஸ் வரை நடந்தே போனது. சபையில் பெண்கள் காற்றில் சோளக்கொல்லை சாய்வதுபோல வரிசை வரிசையாகச் சாய்ந்தார்கள். அத்தனை பேரையும் பிடித்தவள் யார்? என் அக்கா. உன்னைப் பெற்ற ஓடெஸா. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை, கையில் எங்கள் நிலையம் இலவசமாகக் கொடுக்கும் அட்டை விசிறி. ஒரு பக்கம் ஆட்டுக்குட்டியோடு ஆண்டவர், மறு பக்கம் எங்கள் போன் நம்பர்.

சபை நர்ஸ் வேலை என்ன வேலை என்று உன் ஹாலிஸுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். பரிசுத்த ஆவி இறங்கி ஒருத்தி சாயும்போது அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், முழங்காலைத் துணியால் மூட வேண்டும், தலை பெஞ்சில் படாமல் தாங்க வேண்டும், பிறகு விசிற வேண்டும். சகோதரி வஸ்தி புதுத் தொப்பி வாங்கும்போதெல்லாம் தவறாமல் விழுவாள். அது நடிப்புத்தானே என்று ஒருமுறை அக்காவைக் கேட்டேன். "அது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள பேச்சுடா. தலை பெஞ்சில படக்கூடாது, என் வேலை அவ்வளவுதான்," என்றாள். அவள் கையுறை போட்ட காலம் முழுவதும் ஒரு தலைகூடப் பெஞ்சில் பட்டதில்லை.

பத்தொன்பது வயதில் நீ பீல் தெரு மதுக்கடைகளுக்குப் பாடப் போனாய். ஆண்டவருக்குப் பாடிய வாயால் காதலனுக்குப் பாடினாய். எனக்கு அதில் வருத்தமில்லை. காதலனுக்கும் காது உண்டு. ஆனால் போதகர் உன் பெயரைச் சொல்லாமல் மூன்று ஞாயிறு உன்னைப் பற்றியே பிரசங்கம் செய்தார். மூன்று ஞாயிறும் அக்கா தன் இடத்தில் நின்றாள். கையுறைக் கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியையும் பார்த்தாள். ஒருத்திகூடத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கத் துணியவில்லை.

பிறகு உன் முதல் ரெக்கார்டு வந்தது. கல்லறைக்குப் போகும் வழியில் வண்டி ரேடியோவில் அது பாடியபோது, பின்னால் உட்கார்ந்து வந்த விதவை இடைக் கண்ணாடியைத் தட்டி, சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். பெட்டிக்குள் இருந்தவரும் தாளம் போட்டார், நான் கேட்டேன். டெட்ராய்ட், சிகாகோ, நியூயார்க் என்று ஊர் ஊராக ஜனங்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். அக்கா என்ன செய்தாள்? போதகர் வீட்டுக்கு வரும்போது உன் ரெக்கார்டை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைப்பாள். அவர் தலை மறைந்ததும் எடுத்துப் போடுவாள். ஊசி தேய்ந்து நான் புதிது வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இனி கோபத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் கோபம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் நாடு முழுக்க டெலிவிஷனில் நீ தெரியப்போகிறாய் என்றதும் அக்கா சபையின் நர்ஸ்கள் அத்தனை பேரையும் வஸ்தியையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். டெலிவிஷன் பாவம் என்று சொல்லும் கூட்டம் அது. மெம்பிஸில் உள்ள அவ்வளவு கோழியும் அன்று பொரிந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பைத் தட்டுத் தட்டாக அடுக்கியதில் கூரை இரண்டு அடி உயர்ந்தது. நீ பாடினாய். நன்றாகத்தான் பாடினாய், நாசமாய்ப் போக. இரண்டாவது பாட்டின் கடைசியில் கண்ணை மேலே செருகி, கால் மடங்கி, தடால் என்று விழுந்தாய்.

அக்கா அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கணம் இல்லை. மேஜை மேலிருந்த விசிறியை எடுத்துக்கொண்டு ஓடி, டெலிவிஷன் பெட்டி முன்னால் மண்டியிட்டு, உன் முகத்துக்கு விசிறினாள். கண்ணாடிக்கு விசிறினாள், வெர்னெல். இடது கை உன் தலைக்கு அடியில் போகப் பார்த்து, பெட்டியின் மரத்தில் முட்டியது.

அதற்குப் பிறகுதான் அவள் வந்தாள், நீ கூலிக்குப் பிடித்த நர்ஸ். அதே வெள்ளை உடுப்பு, ஆனால் இரண்டு அளவு சின்னது. அதே கையுறை. இடுப்பை ஆட்டி ஆட்டி வந்து உனக்கு விசிறினாள். ட்ரம்காரன் டட-டம் என்று அடித்ததும் நீ துள்ளி எழுந்தாய். மறுபடி விழுந்தாய். டட-டம், எழுந்தாய். அங்கே கூட்டம் ஆர்ப்பரித்தது. இங்கே அக்கா இன்னும் விசிறிக்கொண்டிருந்தாள். கடைசியில் வஸ்திதான் சொன்னாள்: "எழுந்திரி, ஓடெஸாக்கா. புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நம்மளத்தான் காட்டிச் சிரிக்கிறா."

அக்கா எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, கிழங்கு இனிப்பை வெட்டி எல்லாருக்கும் வைத்தாள். எல்லாருக்கும் பெரிய துண்டு. தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு நீல உடுப்பில் சபைக்கு வந்தாள். வெள்ளை உடுப்பைக் கஞ்சி போட்டு மடித்து, கையுறையோடு வஸ்தியிடம் கொடுத்துவிட்டாள். போதகரே வந்து கெஞ்சினார். அவரிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்கூட ஊதவில்லை: "இனிமே எவளாவது விழுந்தா, நெஜமா பொய்யான்னு என் காலு ஒரு நொடி நிக்கும், பாஸ்டர். அந்த ஒரு நொடியில தலை பெஞ்சில பட்டுரும். நான் வேண்டாம்."

கேட்டாயா? போதகரின் மூன்று பிரசங்கத்தால் முடியாததை உன் டட-டம் செய்துவிட்டது. நீ யாரைப் பற்றி வேண்டுமானாலும் பாடு, எந்தக் காதலனை வேண்டுமானாலும் கூப்பிட்டு அழு. உன்னைத் தாங்கிய கையை வாடகைக்கு எடுத்து ஆட வைக்க உனக்கு யாரடி உரிமை கொடுத்தது?

நேற்றுமுன்தினம் ஞாயிறு. கதையின் நம்ப முடியாத பகுதி இதுதான். பிற்பகல் ஓர் அடக்கம் இருந்ததால் வண்டியைச் சபை வாசலில் நிறுத்தி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே பாட்டு உச்சத்தில் இருந்தது. அக்கா தன் பெஞ்சிலிருந்து எழுந்தாள், நடைபாதைக்கு வந்தாள், சாய்ந்தாள். தலை பெஞ்சில் பட்டது. வாசலில் எனக்குக் கேட்டது.

ஒருவரும் அசையவில்லை. நீல உடுப்பில் விழுந்துகிடக்கிறாள், வஸ்தி கையுறையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின் வரிசையில் யாரோ, "ஓடெஸாக்காவும் மக மாதிரி ஆரம்பிச்சிட்டாங்கப்பா," என்றதும் சிரிப்பு எழுந்தது. கோபம் தீர்ந்து விளையாடுகிறாள் என்று சந்தோஷப்பட்டார்கள், பாவிகள். சபையின் ட்ரம்காரன் ரூபஸ், நாலு பிள்ளைக்குத் தகப்பன், குச்சியை எடுத்து டட-டம் என்று அடித்தான். பிறகு இன்னொரு முறை.

நான் நாற்பது பெஞ்சுகளை ஒரே தாவலில் தாண்டினேன். அவளைத் தூக்கி வண்டியில் போட்டேன். இந்த ஊரில் நம் கறுப்பு ஆட்களுக்கு ஆம்புலன்ஸும் அதுதான், சவ வண்டியும் அதுதான். சிவப்பு விளக்குகள் என்னைப் பார்த்துப் பயந்து பச்சையாயின.

ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூளையில் ரத்தக் கட்டு என்கிறார்கள். வலது கை எழவில்லை. பேச்சு பாதி வருகிறது. வருகிற பாதியில் என்னைத் திட்டுகிறாள், வேகமாக ஓட்டினேனாம். இன்று காலை ஒன்று கேட்டாள்: "அவ அங்க நெஜமாவே விழுந்தா, அந்த நர்ஸ் பொண்ணுக்கு எப்படிடா தெரியும்?"

நீயே வந்து சொல். ஹாலிஸிடம் கேட்காதே. நர்ஸைக் கூட்டி வராதே. பாட வேண்டாம், அழ வேண்டாம், மன்னிப்புக்கூட இப்போது வேண்டாம். வந்து அவள் இடது கைப் பக்கம் உட்கார்.

ஆண்டவர் உன் குரலையும் கால்களையும் காப்பாராக. கோபத்தோடும், அது போனாலும் போகாத அன்போடும்,

உன் மாமா,
லெமுவேல்.

பி.கு.: சத்தியத்துக்குப் பயந்து ஒப்புக்கொள்கிறேன். ஆறு திரும்பவில்லை. பெட்டிக்குள் இருந்தவர் தாளம் போடவில்லை. நம் சபையில் நாற்பது பெஞ்சும் இல்லை, நான் தாவவும் இல்லை; கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடினேன். பெரிய பெரிய பகுதிகளையெல்லாம் நீ அடித்துவிடலாம். ரூபஸ் ட்ரம் அடித்தானே, அந்தச் சின்னப் பகுதி மட்டும் உண்மை. இரண்டு முறை அடித்தான். அவள் எழவில்லை.