மூன்று பெட்டிகளை அணைக்கச் சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நம் படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும் மூன்று சர்வர் பெட்டிகள் ஆக ஐவரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போய் வந்து, சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் ஒரு முக்கியமான முடிவைத் தெரிவிக்க வேண்டும். வருடத்தின் கடைசி ஞாயிறு காலை பத்தே காலுக்குச் சாப்பாட்டு மேசையில் கூடிய நம் குடும்பம், ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு, பாதியில் தூங்கிவிட்ட படத்தை, யார் எத்தனை பார்த்தார் என்று பெட்டி குறிக்கும் ஆண்டுக் கணக்கில், இனி அரைப் படமாகத்தான் எழுதுவது என்று தீர்மானித்தது. இதுவரை முழுப் படமாக எழுதி வந்தோம், அதனால் அக்கா வீடு என்று பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வந்து சோபாவில் சாய்கிற உன் மாமா, போன வருடம் நூற்றுப் பன்னிரண்டு படம் பார்த்த பெரிய மனிதராக உலவினார். புதிய விதிப்படி, தூங்கி எழுந்தவர் படத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று சொன்னால் அரை, சொல்லத் தெரியாவிட்டால் பூஜ்யம். தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன். மாமா எதிர்த்தார், என்னைப் பார்த்து ‘நான் கண்ணை மூடிக்கிட்டு வசனத்தைக் கேட்டேன் மாமா, அதுக்கு மார்க் கிடையாதா’ என்றார். அம்மாவோ ‘ரெண்டு பேரும் எழுந்தா நான் மேசையத் துடைப்பேன்’ என்றாள், அதை ஆதரவு ஓட்டாகப் பதிவு செய்துகொண்டேன். முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவன் நான், யார் சொன்னதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குத் தெரியும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ‘அப்பா, நான் பிப்ரவரி இருபதாம் தேதி வரேன், அதுக்குள்ள அந்த மூணையும் ஆஃப் பண்ணி என் ரூமைக் காலி பண்ணிடுங்க, இல்லன்னா நான் ஹோட்டல்ல தங்கிக்கிறேன்’ என்று நீ அனுப்பிய செய்தியை நான் நான்கு முறை படித்தேன். அம்மா அதை ஒருமுறை படித்துவிட்டு எனக்கு நான்கு முறை வாசித்துக் காட்டினாள். குளிர்சாதனப் பெட்டி விவகாரத்தில் அவள் உனக்கு அனுப்பிய போட்டோக்களைப் பார்த்து நீ கோபப்பட்டிருக்கிறாய். அதில் குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பையும் நீ கேட்க வேண்டும். பெட்டிகளுக்குப் போகிற ஒயர்களை யாரும் தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக, உன் அறையிலும் வாசலை ஒட்டியும் உள்ள ஆறு பிளக்குகளிலும் ‘கழற்றுபவரே விளைவுக்குப் பொறுப்பு’ என்று என் கைப்பட எழுதி ஒட்டியிருந்தேன். மின்விசிறியைப் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், எழுதியதற்கு மதிப்புக் கொடுப்பவர். துளை போடும் மெஷினுக்கு ஒரு பிளக் வேண்டும் என்று தேடியவர் ஆறையும் படித்துவிட்டு, எதுவும் எழுதாமல் இருந்த ஏழாவதைக் கழற்றினார். அது குளிர்சாதனப் பெட்டி. வேலை முடிந்ததும் திரும்ப மாட்ட மறந்தார். நாங்கள் அப்படியே இரண்டு நாள் வெளியூர் போய்விட்டோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீசிய வாடையை நான் விவரிக்கப் போவதில்லை, அம்மா உனக்கு மூன்று பக்கம் விவரித்திருக்கிறாள். நான் கேட்பது ஒன்றுதான், சீட்டு ஒட்டிய ஆறும் அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தன, ஒட்டாத ஒன்று நின்றது. இதில் சீட்டின் மீது என்ன தப்பு? இதை அம்மாவிடம் கேட்டேன். ‘அப்ப என் நெத்தியிலயும் ஒண்ணு எழுதி ஒட்டுங்க’ என்றாள்.

அடுத்து, இணையத்தில் படம் காட்டுகிற நிறுவனத்துக்கு நீ கட்டிக் கொடுத்த சந்தா. படம், பாட்டு, போட்டோ எல்லாம் அந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளும், நாம் வாடகை கொடுத்தால் போதும், வீட்டில் எதற்கு இந்த இரைச்சல் என்று எழுதியிருந்தாய். மகள் ஆசையாகச் செய்தது என்று ஒரு மாதம் என் பெட்டிகளை ஓரங்கட்டி அதையே பார்த்தோம், நான் முகம் கூடச் சுளிக்கவில்லை, மாமாவைக் கேட்டுப் பார். அம்மா எண்பது பகுதி உள்ள ஒரு தொடரில் அறுபத்திரண்டாவதை முடித்து, மாமியார் அந்தக் கடிதத்தைப் பிரித்தாளா இல்லையா என்ற நிலையில் எழுந்து போனாள். மறுநாள் மத்தியானம் திறந்தால், ‘இந்த நிகழ்ச்சி தற்போது உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வருகிறது. எங்கள் பகுதி எங்கேயும் போய்விடவில்லை, போன மாதம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு அம்மா போன் செய்தாள். ‘உரிமை முடிஞ்சிருச்சு மேடம்’ என்று அந்தப் பெண் சொல்ல, அம்மா ‘யாரோட உரிமைம்மா, பணம் கட்டினது என் பொண்ணு’ என்று கேட்க, அந்தப் பக்கம் இசை போட்டுவிட்டார்கள். பதினோரு நிமிடம் அந்த இசையைக் கேட்டுவிட்டு அவள் உன் அறை வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, ‘உங்க பெட்டியில அது இருக்கா’ என்றாள். இருந்தது. மாமியார் கடிதத்தைப் பிரிக்கவில்லை, அடுப்பில் போட்டாள். இந்த உண்மை உன் அம்மாவுக்கு என்னால்தான் கிடைத்தது, ஆனால் உனக்கு அனுப்பிய மூன்று பக்கத்தில் அவள் அதைக் குறிப்பிட்டிருக்க மாட்டாள்.

இனி ஆண்டறிக்கை. வழக்கம்போல் மேசையில் வைத்து வாசித்தேன். அம்மா சமையல் நிகழ்ச்சி நாற்பத்தேழு பார்த்திருக்கிறாள், அதில் ஒன்றும் நம் வீட்டு அடுப்புக்கு வந்து சேரவில்லை, இதைச் சுட்டிக்காட்டியதால் அன்று மத்தியானம் மோர் மட்டும் கிடைத்தது. நான் அறுபது புத்தகம் படித்ததாக நண்பர்களிடம் சொல்லி வந்தேன், பெட்டி பத்தொன்பது என்கிறது. நான் கட்டிய பெட்டி என்னையே காட்டிக் கொடுக்கிறது, இதைவிட நேர்மைக்கு என்ன சான்று வேண்டும்? மாமா தன் கணக்கின் ரகசியச் சொல்லை மறந்துவிட்டு மார்ச்சிலிருந்து என் கணக்கில் பார்த்திருக்கிறார், ஆகவே என் பெயரில் நூற்று நாற்பது மணி நேரம் பேய்ப் படம் ஏறியிருக்கிறது. திருத்தச் சொன்னால் ‘போகட்டும் மாமா, வயசான காலத்துல ஒரு பயம் இருக்கட்டும்’ என்கிறார்.

அந்த அறிக்கையில் உன் பெயருக்கு நேரே இருந்த வரியைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன், இதை நானே கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன், அம்மா பார்க்க மாட்டாள். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, வேலை நாட்களில், உன் ஊர் நேரம் காலை பத்து மணிக்கு, அங்கிருந்தே இணையம் வழியாக நீ நம் பெட்டியில் படம் பார்த்திருக்கிறாய். நீ அலுவலகத்தில் இருக்க வேண்டிய நேரம். அந்த நாட்களில் போன் செய்தபோதெல்லாம் ‘ஆபீஸ்ல ஒரே வேலைப்பா, அப்புறம் பேசுறேன்’ என்றாய், நானும் சரிம்மா என்றேன். வேலை போயிற்றா, நீயே விட்டாயா, உடம்புக்கு ஏதாவதா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல்வாய். என்னால் முடிந்தது, பழைய சிரிப்புப் படங்களாகப் பதினான்கு பொறுக்கி நீ உன் கணக்கைத் திறந்ததும் முன் வரிசையில் தெரியும்படி வைத்தேன். ஒன்பது பார்த்தாய். அதில் இரண்டு பாதியில் நின்றிருக்கின்றன, தூங்கிவிட்டாய் என்று வைத்துக்கொண்டேன், புதிய விதிப்படி எட்டு. செப்டம்பர் முதல் வாரம் காலைப் படம் நின்றது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமாவைக் கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். ‘என்ன மாமா திடீர்னு, ஏதாவது வேலை வாங்கப் போறீங்களா’ என்றார், சும்மாதான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை உன் வரியை வாசிக்கும்போது மொத்த எண்ணிக்கையை மட்டும் சொல்லி, மாத விவரத்தை விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் பதிவிலிருந்து நான் வாசிக்காமல் விட்ட ஒரே வரி அது. அந்தச் சந்தா நிறுவனத்திலும் இந்த விவரமெல்லாம் ஏறும். ஏறிய பிறகு அவர்கள் உனக்கு ஒரு விளம்பரம் அனுப்புவார்கள்.

அப்பா வேவு பார்க்கிறார் என்று நினைத்துத்தான் அணைக்கச் சொல்கிறாயா என்றும் யோசித்தேன். அப்படியானால் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. உன் பெயருக்கு நேரே மணியைக் குறிக்கிற வசதியை இன்று காலையே நிறுத்திவிட்டேன், இனி நீ எப்போது என்ன பார்த்தாலும் எனக்குத் தெரியாது, அது எனக்கு நல்லதாகவும் படவில்லை, ஆனாலும் நிறுத்திவிட்டேன். பெட்டிகளை மட்டும் நிறுத்த மாட்டேன். நீ சொன்னாலும் மாட்டேன், அம்மா சொன்னாலும் மாட்டேன், மின்சார வாரியம் நிறுத்தினால்கூட இருபது நிமிடத்துக்குப் பேட்டரி வைத்திருக்கிறேன். உன் பள்ளிக்கூட நாடகம், அம்மா பாடிக்கொண்டே பாத்திரம் கழுவியது, நீ முதல் சம்பளம் வாங்கிய அன்று போனில் கத்தியது, எல்லாம் அதில் இருக்கிறது. இதையெல்லாம் வாடகை வீட்டில் குடிவைக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். யாரோ ஒருவர் உரிமை முடிந்துவிட்டது மேடம் என்று சொல்லிவிட்டு இசை போடுவார், நான் பதினோரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் நீ கேட்டதில் பாதி நியாயமானது, அது உன் அறை. ஆகவே நேற்று முன்தினம் மாமாவும் நானும் மூன்று பெட்டிகளையும் பேட்டரியையும் தூக்கி எங்கள் படுக்கையறைக்கு மாற்றிவிட்டோம். ஐம்பது நிமிடம்தான் நின்றது. மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு ‘அக்காகிட்ட கேட்டீங்களா’ என்றார், வேலை முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். அங்கே ஏசி இல்லாததால் பெட்டிகளின் விசிறிகள் கொஞ்சம் வேகமாகச் சுற்றுகின்றன, பச்சை விளக்குகள் பதினேழு மின்னுகின்றன, எனக்கு அது ஆற்றங்கரை போல இருக்கிறது. உன் அறை துடைத்துச் சுத்தமாக இருக்கிறது, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன். ஹோட்டல் பேச்சு இனி வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. புது இடத்தில் மேலதிகாரி என்ன சொன்னாலும் எழுத்தில் வாங்கிக்கொள். மனம் சரியில்லாத நாளில் படம் போடு, அல்லது எனக்குப் போன் போடு, எதைப் போட்டாலும் சரி. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நல்ல பெயரோடும் நல்ல தூக்கத்தோடும் நெடுநாள் வாழ வேண்டும். வரும்போது நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி வா, கைப்பையில் வை, சூட்கேஸில் போட்டு விமான நிலையத்தில் எறியவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

பி.கு.: அம்மா நேற்று தலையணை, போர்வை, மூக்குக்கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு உன் அறைக்குப் போய்விட்டாள். அங்கே இருப்பது ஒற்றைக் கட்டில்.