கொம்பும் காலும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே கூத்து. அண்ணி சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் இடது கையால் பேசும் பலகையில் ‘போதும்’ என்று தட்டினான். பலகை கணீரென்று, “பே ஆதும்” என்றது. அண்ணிக்குப் புரியவில்லை. இன்னொரு கரண்டி. மறுபடியும் “பே ஆதும்.” இன்னொரு கரண்டி. அதற்கப்புறம் அவன் தட்டவில்லை, கையை வீசினான். கிண்ணம் சுவரில் போய் மோதியது.

“என் மேல என்ன கோவம் உங்களுக்கு?” என்று அண்ணி அழுதுகொண்டே தரையைத் துடைத்தாள். அவனுக்கு அவள் மேல் கோபமே இல்லை. அதைச் சொல்ல வாய்தான் இல்லை.

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அவனுக்கு அந்தப் பலகைதான் வாய். கைக்கருவியில் ஓடும் செயலி, எழுத்தைத் தட்டினால் பேசும். போன மாதம் பழைய கருவி கட்டிலிலிருந்து விழுந்து உடைந்தது. புதியது வாங்கி, அவன் சேர்த்து வைத்திருந்த சொற்களை எல்லாம் அதற்கு மாற்றினோம். அன்றைக்குப் பிடித்தது சனியன். ‘போ’வில் ப-வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். புதிய கருவி இரண்டையும் பிரித்து அனுப்புகிறது, பலகைக்குச் சேர்த்துப் படிக்கத் தெரியவில்லை. போதும், போ, கொடு, சொல், தோள் — எல்லாம் போச்சு. ஒரு துணைக்கால் அண்ணனின் காலை வாரிவிட்டது.

மென்பொருளில் பிழை பிடித்துப் பிழைக்கிறவள் நான். சொந்த வீட்டுப் பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

மார்ச் 6, வியாழன்

திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது! போன வருடமே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதி அனுப்பிவிட்டார்.

இந்தப் பலகை, காசு வாங்காமல் பத்துப் பேர் சேர்ந்து செய்தது. நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஆனால் ஏற்றுக்கொண்டு, கையெழுத்து மாதிரி ஒரு ரகசியச் சாவி போட்டு வெளியிட ஒருவரால்தான் முடியும். தொடங்கி வைத்தவர். ‘தலை’ என்கிறார்கள் அவரை. வாத்தியாரின் திருத்தத்துக்குக் கீழே தலையின் பதில் ஒற்றை வார்த்தை: “பார்க்கிறேன்.” அத்தோடு ஆளைக் காணோம்.

நகலெடுத்து நாமே வேறு பெயரில் வெளியிடலாமே என்று தோன்றியது. ஆனால் வேறு சாவியோடு வரும் பலகைக்குக் கருவி பழைய சொற்களைக் கொடுக்காது. அண்ணன் ஒற்றை விரலால் சேர்த்தவை அவை. வலிக்கான சொற்கள், அண்ணியைக் கூப்பிடும் செல்லப் பெயர், என்னைத் திட்டுவதற்கென்றே ஒரு வரிசை. மறுபடி முதலிலிருந்து சேர் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

மார்ச் 9, ஞாயிறு

பலகைக் குழுவின் பழைய உரையாடல்களை மேலிருந்து கீழ்வரை படித்தேன். தலை வலிக்கிறது (என் தலை).

எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! எல்லோரும் ஒரே மாதிரி முடிக்கிறார்கள். “நேரம் கிடைக்கும்போது பாருங்கள் ஐயா, அவசரமில்லை.” “உங்கள் வேலைகளுக்கு நடுவே தொந்தரவுக்கு மன்னிக்கவும், அவசரமில்லை.” ஒரு அம்மா, மகனால் ‘தோள் வலி’ என்று சொல்ல முடியவில்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் அவரும்: அவசரமில்லை.

யாருக்கய்யா அவசரமில்லை? பையனுக்கா?

வியாழனன்று வாத்தியாரின் திருத்தத்துக்குக் கீழே நான் போட்ட வரியையும் போய்ப் பார்த்தேன். நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன். கை தானாகவே எழுதிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

வாத்தியாரிடம் போனில் பேசினேன். பின்னால் பிள்ளைகள் இரைச்சல். தலையை நேராகவே கேட்டுவிடலாம், முடியாவிட்டால் சாவியை நம்மிடம் கொடுக்கட்டும் என்றேன்.

“ஐயோ, அவர் உருவாக்கினதும்மா. அவர்கிட்ட போய் சாவிய குடுன்னு எப்படிக் கேக்கறது? மரியாதையா இருக்காது.”

“ஒரு வருஷமா பதில் சொல்லாம இருக்கறது மட்டும் மரியாதையா சார்?”

“என்ன கஷ்டமோ அவருக்கு. நீங்க கொஞ்சம் பொறுமையா...”

வைத்துவிட்டேன். பொறுமை என்ற சொல்லே இன்றைக்கு எனக்கு அலர்ஜி. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களாகச் சேர்ந்துதான் இந்த வண்டியைக் குழியில் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

அண்ணன் பலகையைத் தலைமாட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். கேட்டால் முகத்தைத் திருப்புகிறான்.

மார்ச் 15, சனி

இன்றும் தொடவில்லை. மூன்று வேளையும் அண்ணி அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஊட்டுகிறாள். இப்படியே அவன் பேசுவதையே விட்டுவிடுவானோ? இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணிகளை மடித்தேன், கலைத்தேன், மறுபடி மடித்தேன்.

மார்ச் 17, திங்கள்

அலுவலகத்தில் மதிய இடைவேளையில் குழுவில் எழுதிப் போட்டுவிட்டேன்: “இது அவசரம். என் அண்ணனால் ‘போதும்’ என்று சொல்ல முடியவில்லை. உங்களால் பார்க்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். சாவியைக் கொடுங்கள்.”

திமிர் பிடித்தவள் என்று ஒருவர். இப்படியா பெரியவர்களிடம் பேசுவது என்று இன்னொருவர். அந்தத் தோள்வலிப் பையனின் அம்மா மட்டும், “எங்களுக்கும் அவசரம்தான்” என்று எழுதியிருந்தார்.

மாலையில் வாத்தியாரே கூப்பிட்டார். தலை எங்கே வேலை பார்க்கிறார் என்று சொன்னார். “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா.”

மார்ச் 20, வியாழன்

அரை நாள் விடுப்பு. அண்ணனின் பலகையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடிக் கட்டிடம். வரவேற்பில் இருந்த பெண் மேலே போன் செய்தாள், அவரே இறங்கி வந்தார். கிழவர் என்று நினைத்திருந்தேன், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கழுத்தில் அட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் யார் என்றதுமே, “நீங்கதானா அது” என்றார்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த சண்டை எதுவும் வாயில் வரவில்லை. பலகையை எடுத்து ‘போதும்’ என்று தட்டினேன். கண்ணாடிக் கூடம் முழுக்கக் கேட்டது. பே ஆதும். யாரோ திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“வாரா வாரம் திறந்து பாப்பேன். அவ்வளவு சேந்து கிடக்கும். எதுல ஆரம்பிக்கறதுன்னு தெரியாம மூடிடுவேன்” என்றார். “எல்லாரும் அவசரமில்லைன்னுதானே எழுதினாங்க. நானும் நம்பிட்டேன். நம்பறது வசதியாவும் இருந்துச்சு. குடுங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேங்க.”

“இப்ப கேக்கறேன். குடுங்க.”

“பழைய மடிக்கணினிலதான் இருக்கு. வீட்ல தேடிப் பாக்கறேன்.”

பாக்கறேன்! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு சிரிப்பு. “வேண்டாங்க. நீங்க பாத்தது போதும். நானும் கூட வர்றேன்” என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேலே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் வீட்டில் மடிக்கணினி குழந்தையின் பொம்மைப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. உயிர் வருவதற்குள் எனக்குப் போய்விட்டது. வந்தது. சாவியை எனக்கும் வாத்தியாருக்கும் எழுதிக் கொடுத்தார். வாசல்வரை வந்து, “இனிமே நான் அதைத் திறந்து பாக்க வேண்டியதில்ல இல்ல?” என்று கேட்டார். வேண்டியதில்லை என்றேன். தோளிலிருந்து மூட்டையை இறக்கினவர் போல நின்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

வாத்தியாரும் நானும் நாள் முழுக்கப் போனில். சாயங்காலம் வெளியிட்டோம். “இனி நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் காணாமப் போனா?” என்றார். மூன்றாவதாக ஓர் ஆளைத் தேட வேண்டும். தோள்வலிப் பையனின் அம்மாவுக்கு நிரல் எழுத வருமா என்று கேட்டிருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

புதிய பதிப்பை ஏற்றி, பலகையை அண்ணன் மடியில் வைத்தேன். தள்ளினான். மறுபடி வைத்தேன். ‘போ’ என்று நானே தட்டினேன். “போ” என்றது. அவன் திரும்பிப் பார்த்தான்.

அப்புறம் என் தொழில் புத்தி என்னை விடவில்லை. கொடு, சொல், தோள், கொசு, கோணல், மோர், நொண்டி... ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி, சரியா தப்பா என்று குறித்துக்கொண்டே போனேன். பொறுமையாகத் தட்டினான். இன்னொரு சொல் என்றேன். இன்னும் ஒன்றே ஒன்று என்றேன். கரண்டியோடு வந்த அண்ணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவன் என் குறிப்பைத் தள்ளிவிட்டு, தானாகவே தட்டினான்.

“போதும். போ.”

போனேன்.