எதோடும் சேராத உன் மதர்போர்டு

என் ஸ்டெல்லாக் கண்ணு,

உன்மேல் கோபமாக இருக்கிறேன். போனவர்களிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். பிறகு யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

உன் காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் சாங்வியிலிருந்து நிக்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. "அவ வாங்கினது சிஸ்டர். உங்க ரெண்டு பேருக்கும்னு சொல்லிட்டிருந்தா" என்றார். உள்ளே மதர்போர்டும் பிராசஸரும். கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் தொழிலுக்காக நாம் சேர்ந்து பாகம் பாகமாகப் பூட்டவிருந்த கம்ப்யூட்டரின் பாதி. மீதியை என் தலையில் போட்டுவிட்டு, ஒரு காய்ச்சலில் போய்விட்டாய்.

கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவள் நீ. எனக்குத் தமிழில் டைப் அடிக்க மட்டும்தான் தெரியும். "மத்ததெல்லாம் ஈஸிக்கா, சப் ஜம் ஜாயேகா, எல்லாம் சரியா அமைஞ்சுடும்" என்றாயே, எங்கேடி ஜமித்தது?

முதலில் மெமரி வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே புதிது. உன் போர்டில் சொருகப் போனால் மெமரியின் வெட்டு ஓரிடம், போர்டின் தடுப்பு வேறிடம். அழுத்தியும் இறங்கவில்லை. பிம்ப்ரி கடைக்காரர் போர்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யே புரானா ஹை மேடம். நயா போர்டு லே லோ" என்று புது போர்டு வாங்கச் சொன்னார். நீ வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எப்படிப் பழசாகும்? கடை கடையாக ஏறி இறங்கிப் பழைய ரக மெமரி ஒன்றைப் பிடித்தேன்.

அடுத்து, என் வீட்டுக்காரர் ஆபீசில் கழித்துப்போட்ட கேபினெட்டைக் கொண்டுவந்தார். அதன் பவர் சப்ளையில் உன் போர்டு கேட்கிற சின்னச் சதுர பிளக் இல்லை. அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

"ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாம் மல்லி. எதுக்கு இந்தப் பாடு?"

"இது ஸ்டெல்லா பாத்து வாங்கினதுங்க."

"அதுக்காக எல்லாம் வந்து சேந்துக்குமா?"

நான் பாட்டுக்கு போர்டைக் கேபினெட்டில் பூட்டினேன்.

கடைசியாகத் தெரிந்தவர் வீட்டிலிருந்து திரையில் படம் காட்டுகிற ஒரு பழைய டிஸ்பிளே கார்டு கிடைத்தது. அது மட்டும் அழகாக உட்கார்ந்தது. சந்தோஷமாக சுவிட்சைப் போட்டேன். கருகிய நாற்றம் வந்தது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பிம்ப்ரி கடைக்கு ஓடினேன். அந்தக் கார்டு கேட்கிற மின்சாரம் வேறு, உன் போர்டு தாங்குகிற மின்சாரம் வேறாம். சொருகினால் போதாது, கரண்டும் ஒத்துப்போக வேண்டுமாம். கடைக்காரர் சொல்லச் சொல்ல அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

உன் போர்டு கருகிப்போனதை உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். "போர்டுதானே சிஸ்டர்" என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஆனால் உன் பிராசஸர் பிழைத்திருந்தது. கடைக்காரர் அதைத் தன் போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஸ்கோ கௌன்சா போர்டு லகேகா?" என்று, அதற்கு எந்த போர்டு பொருந்தும் எனக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கேற்ற போர்டு, போர்டுக்கேற்ற மெமரி, கார்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். இப்போது ஓடுகிறது. உனக்கு இந்நேரம் தெரிந்திருக்குமோ என்னவோ.

முதல் ஆர்டரும் வந்துவிட்டது. பெண் தமிழ், பையன் மராட்டி, பத்திரிகை இரண்டிலும் வேண்டும். காலையில் நான் தமிழ் அடிப்பது, மதியம் நீ மராட்டி அடிப்பது என்றுதானே பேச்சு? மதியம் வந்தால் நான் என்ன செய்வேன், சொல்லு.

மராட்டி அடிக்கப் பக்கத்து பிளாட் சுனந்தாவைக் கேட்டிருக்கிறேன். நாளை மதியம் வருகிறாள். உன் இடத்தில் இன்னொருத்தி உட்காருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது, மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் முகம் சுளிக்க மாட்டேன். அவள் உட்கார்ந்ததும் சூடாக டீ போட்டுக் கொடுப்பேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

கோபம் தீராத உன் அக்கா,
மல்லிகா