கறிக்கடைக்காரர் வாங்கப்போன சமையல் புத்தகம்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌகரியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பில் வருவதாக நீ எழுதியதை அம்மா நாலு தரம் வாசித்தாள். விடுதியில் அறை எடுத்துக்கொள்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் ஒவ்வொரு தரமும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஒரு செய்தி, பயப்படாதே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறதாம். "கறிய வாரத்துல ஒரு நாளா குறைச்சுக்குங்க" என்றார். அவர் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் கறி வெட்டிக் கொடுக்கிறவன் நான்! சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று நீ சொல்லலாம். நேரில் வந்து சொல்.

அதற்காகவும், கறியை விட்டுவிட்ட நீ வரப்போகிறாய் என்பதற்காகவும்தான் கடைத்தெருவில் இருக்கும் புத்தகக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார அம்மாளை உனக்குத் தெரியும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். கறி சேராத சமையல் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. எனக்கென்ன தெரியும்? ஒன்றின் அட்டையில் விலாத் துண்டு மாதிரியே ஏதோ இருந்தது. தெரிந்த முகமாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்தால், அது காலிஃபிளவர்.

இருபது நிமிடம் வேக வைக்கவும் என்று போட்டிருந்தது. என் அனுபவத்தில் இருபது நிமிடத்தில் எதுவும் வெந்ததில்லை. அச்சுப்பிழையாக இருக்கும் என்று ஒன்றரை மணி நேரம் வைத்தேன். மூடியைத் திறந்தால் காலிஃபிளவர் இருந்த அடையாளமே இல்லை. அம்மா கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டு, "இந்நேரத்துக்கு எலும்பே கரைஞ்சிருக்கும்" என்றாள். அப்புறம்தான் நான் காய் நறுக்கிய கட்டையைப் பார்த்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த கறிவெட்டும் கட்டை. கத்தியும் கடைக் கத்திதான். "இதுல நறுக்கினத அவ தொடுவாளா?" என்றாள்.

எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை, சிட்டு. முப்பது வருஷமாகக் கையிலேயே இருக்கிற கத்தி. அதில் வாசம் உண்டு என்பதே மறந்துபோயிருக்கிறது. மறுநாளே புதுப் பலகையும் புதுக் கத்தியும் வாங்கிவிட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நான் அவற்றைத் தொடக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறாள்.

புத்தகத்தை மாற்றப் போனேன். "படத்தைப் பார்த்து வாங்கினா இப்படித்தான்" என்று சொல்லி அந்த அம்மாள் வேறு மூன்றை எடுத்துப் போட்டார். தடியான ஒன்று முன்னுரையிலேயே என் தொழிலைத் திட்டியது. இரண்டு பக்கம் பொறுமையாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொன்றில் எதைச் செய்வதானாலும் பதினாறு சாமான் வேண்டும், பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. மூன்றாவது ஒல்லியாக இருந்தது. பருப்பு, பயறு, காளான், கீரை என்று எல்லாம் தெரிந்த சாமான்கள். எழுதியவர் வீட்டில் பாதிப் பேர் கறி சாப்பிடுகிறவர்களாம். பாத்திரம் வேறாக இருக்கலாம், மேஜை ஒன்றாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத் தாண்டி நான் திருப்பவே இல்லை.

மகள் வருகிறாள், அவளுக்காகத்தான் என்று சொன்னதும் அந்த அம்மாள், "உங்க பொண்ணுக்கு இதுல எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

இந்தத் தெருவில் யாருக்கு எலும்போடு வேண்டும், யாருக்குக் கொழுப்பு ஆகாது, யார் வீட்டில் ஈரலே நுழையக்கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மகள் இந்த இரண்டு வருஷமாக என்ன சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கறியை விட்டுவிட்டேன் என்று நீ சொன்ன அன்றைக்கு, வேண்டாம் வேண்டாம் என்று நீ கையால் மறைத்த தட்டில் நான் கறியை அள்ளிப் போட்டேன். "என் கடைக் கறி உனக்கு நாறுதா?" என்றேன். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் உட்கார்ந்து என் தட்டைக் காலி செய்தேன். அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போய், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூன்று புத்தகங்களின் பொருளடக்கத்தையும் என் கையால் எழுதி எடுத்துவந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். என்னைத் திட்டிய புத்தகத்தையும் விடவில்லை, உனக்குப் பிடித்தது அதில் இருந்துவிட்டால்? பிடித்ததற்கு நேரே ஒரு டிக் போட்டு அனுப்பு. அதைப் பார்த்துத்தான் எதை வாங்குவது என்று முடிவு செய்வேன். அதுவரை மூன்றையும் விற்கமாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.

தொழிலை விடமாட்டேன். நீ அதைக் கேட்டதும் இல்லை. ஆனால் நீ இருக்கும் பத்து நாளும் வீட்டுக்குள் கறி வராது. யாராவது கேட்டால் டாக்டர் பேரைச் சொல்லிக்கொள்கிறேன்.

விடுதிக்கு எழுதி அறை வேண்டாம் என்று சொல்லிவிடு, சிட்டு. என் சமையலில் உப்பு முன்னே பின்னே இருக்கும், காய் குழைந்துபோகும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல். உன் தட்டில் நீயே போட்டுக்கொள். நான் கை வைக்கமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எப்போதும் வேண்டிக்கொள்ளும்,
உன் அப்பா