கொட்டாமல் வைத்த கலங்கல்

அன்புள்ள மகளுக்கு,

புகார் எதுவும் வராததால் நீயும் மாப்பிள்ளையும் நலமென்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் உன் சித்தியும் நலம். ஒரே வீட்டில் இரண்டு பிடிவாதக்காரிகள் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு. ஆய்வகத்துக் குளிர்பெட்டி பழுதானதால் என் கடல்மண் குழாய்களை வீட்டு ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "மனுஷங்க சாப்பிடறத வைக்க இடமில்ல, சேத்துக்குத் தனித் தட்டு" என்று வாரம் முழுவதும் புலம்பித் தீர்த்தாள்.

ஓய்வு பெற்ற பிறகும் எதற்கு அந்த வேலை, பேசாமல் இங்கே வந்து இரு என்று போன தடவை நீ சொன்னாய். வராததற்குக் காரணம் உண்டு. கரையை ஒட்டிய கடலடியில் எந்த நுண்ணுயிர் எங்கே குடியிருக்கும் என்பதை ஆழம்தான் தீர்மானிக்கிறது என்று சாதிப்பவர் எங்கள் துறைத்தலைவர். அதனாலேயே அவருக்கு 'ஆழம்' என்று பெயர். அடியில் கிடப்பது மணலா சேறா, மேலிருந்து எவ்வளவு இரை இறங்குகிறது, மண்ணுக்குள் பிராணவாயு எதுவரை எட்டுகிறது என்பவைதான் முதலில் என்பது என் கட்சி. இந்த மாதக் கூட்டத்தில் அதை நிரூபிக்காவிட்டால் ஆய்வை மூடி, என் மேசையையும் பிடுங்கிக்கொள்வதாக இருந்தார்கள்.

கப்பலில் ஒரு வழக்கம். குழாயில் அடிமண் வந்ததும் அதன்மேல் தளும்பும் கலங்கலைக் கொட்டிவிட்டுச் சமமாக மூடுவார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் புதிதாக இறங்கிய இரையும் அதைத் தின்ன வந்த கூட்டமும் அந்தக் கலங்கலில்தான் இருக்கின்றன. குடித்தனக்காரர்களை வெளியே துரத்திவிட்டு வீடு வீடாகத் தலை எண்ணினால் என்ன கிடைக்கும்? இம்முறை பாதிக் குழாய்களைக் கொட்டாமல் மூடச் சொன்னேன். "அழுக்குத் தண்ணிய இவ்வளவு பத்திரமா நான் கொண்டு வந்ததே இல்லம்மா" என்று சிரித்தார் கப்பலின் கிரேன்காரர். ஆனாலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

என் முடிவுகளை நம்பாத ஆழம், என்னிடம் மீதமிருந்த இரண்டு வகைக் குழாய்களையும் வாங்கிப்போய்த் தானே சோதித்தார். கூட்டத்தில் அதை வாசித்தவரும் அவரே. கொட்டிய குழாய்களின் நுண்ணுயிர்கள் ஆழத்தின்படி ஒழுங்காக வரிசையில் நின்றன. கொட்டாதவற்றிலோ, ஒரே ஆழத்து மணலின் உயிர்களும் சேற்றின் உயிர்களும் முகங்கொடுத்துப் பேசாத பங்காளிகளாகப் பிரிந்து கிடந்தன. தண்ணீர் குடித்துவிட்டு, "மேடம் சொன்னதுதான் சரி" என்றார். அங்கே நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

இனி எந்தக் குழாயிலும் கலங்கலைக் கொட்டக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. சேற்றுப் பகுதி முழுவதையும் பார்த்துவர அடுத்த மாதம் கப்பல் போகிறது. பொறுப்பு எனக்கு. உடல் தகுதி பார்த்த மருத்துவர், "இந்த வயசுல கடலுக்கா?" என்றார். கடலுக்கு என்னைவிட வயது அதிகம், அதை யாரும் ஓய்வெடுக்கச் சொல்வதில்லை என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இருவரும் நிறைந்த ஆயுளோடும் கொஞ்சம் புத்தியோடும் வாழுங்கள். உன் பல்வலியைத் தள்ளிப்போடாதே. என்னைத் தடுக்க நினைத்தால் இந்த மாதத்துக்குள் பேசிவிடு. அப்புறம் கடலில் ஃபோன் எடுக்காது.

வேலை மும்முரத்தில் இருக்கும்
அம்மா